புள்ளியியலுக்குச் சம்பங்கி

19 பிப்ரவரி 1979, திங்கள்

தைப்பூசக் கூட்டம் பழனியை விட்டு ஒருவழியாக இறங்கிவிட்டது. இனிப் படிக்காததற்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. ஏப்ரலில் பரீட்சை. இந்த வருடப் பாடம் ஐந்து, போன வருடம் கோட்டை விட்ட புள்ளியியல் ஒன்று. அப்பா சாப்பிடும்போது சொன்னார்: "ஏலே ஞானவேலு, இந்தத் தடவையும் புள்ளியியல்ல போச்சுன்னா படிச்சது போதும். கடைக்கு வந்து பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூடி போடு."

மூடி போடுவது கேவலம் இல்லை. ஆயுள் முழுக்க அப்பா பக்கத்தில் நின்று போடுவதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

எதை முதலில் எடுப்பது? காலையில் ஆறு புத்தகத்தையும் விரித்து வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

20 பிப்ரவரி

அம்மா வழி கண்டுபிடித்துவிட்டாள். பெண் எடுக்க, கிணறு வெட்ட எல்லாவற்றுக்கும் பூக்கட்டிக் கேட்கிறோம், பாடத்துக்குக் கேட்டால் என்ன? வழக்கமாக வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இலையில் மடித்துச் சாமி முன் போட்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார்கள். எனக்கோ ஆறு பாடம். அதனால் ஆறு பூ. பொது நிதியியலுக்கு அரளி, பொருளாதாரச் சிந்தனை வரலாற்றுக்குச் செவ்வந்தி, இப்படியே போய்ப் புள்ளியியலுக்குச் சம்பங்கி.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். செவ்வந்தி! மனசு லேசாகிவிட்டது. இனி முடிவெடுக்கிற சோலி முருகனுடையது.

26 பிப்ரவரி

கனகாம்பரத்துக்காக மார்க்கெட் முழுக்க அலைந்தேன். வாங்கி வந்து, வாழையிலை கிழித்து, மடித்து, கும்பிட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அரளி வந்தது. அரளியைப் படிப்பதற்குள் தூக்கம் வந்தது.

1 மார்ச்

சம்பங்கி வரத்து இல்லை. ஆகவே புள்ளியியல் இன்று போட்டியிலேயே கிடையாது. நாளைக்கும் சந்தேகம்தானாம். பூக்காரரிடம் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் குதித்தபடி வீட்டுக்கு வந்தேன்.

9 மார்ச்

சிலுவைராஜ் வந்தான். என் வகுப்புதான், வீடு கொடைக்கானலில். சாமி முன்னால் பூப்பொட்டலம் போட்ட தாம்பாளத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கேட்டான்: "சம்பங்கிதான் திரும்ப வர ஆரம்பிச்சிருச்சே. ஒரு தடவையாவது விழுந்துச்சா?"

விழவில்லை. செவ்வந்தி மட்டும் வாரத்தில் பாதி நாள் வந்துவிடுகிறது. "ஏலே, இது தற்செயலா இல்லையான்னு பாக்கத்தான் கைவர்க்கச் சோதனைன்னு, அதான் கை-ஸ்கொயர் டெஸ்ட்டு, ஒண்ணு இருக்கு. நீ போன வருசம் அதுலதான் போன," என்றான்.

முருகனுக்கு என் மேல் என்ன கோபம்? அதைத் தெரிந்துகொள்ளவே புள்ளியியல் புத்தகத்தைத் திறந்தேன். படிப்பதற்காக இல்லை. வழக்குப் போடுவதற்காக.

17 மார்ச், கொடைக்கானல்

சிலுவைராஜ் வீடு. இங்கே குளிரில் பேனா பிடிக்க விரல் வரவில்லை. ஆறு பூவையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்திருக்கிறேன். எடுக்கிற கையை மாற்றிப் பார்க்க வேண்டுமாம், அதுதான் முறையாம்.

அவன் அம்மா தெரசம்மாள் மிஷன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவர். மலைக்குளிரில் அவருக்கு வருடம் முழுக்க மூக்கடைப்பு. "நான் எடுத்தா உங்க சாமி ஒண்ணும் நெனைக்காதேப்பா? நாங்க பாஸாகணும்னா அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்துறதோட சரி," என்று தயங்கி, சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தார்.

சம்பங்கி. மறுபடி குலுக்கினோம். சம்பங்கி! அப்புறம் மல்லி, அரளி என்று எல்லாமே ஒழுங்காக வந்தன.

முருகன் மேல் குற்றம் இல்லை. அப்படியென்றால்... அம்மாவா?

19 மார்ச்

கேட்டுவிட்டேன். கைவர்க்கக் கணக்கையே காட்டிக் கேட்டேன். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தான எடுத்த?"

"மூக்கை மூடலையே சாமி. சம்பங்கி வாசம் எலையைத் தாண்டி வந்துருது. அந்தப் பொஸ்தகத்தத் தொட்டாலே நீ சரியா திங்கிறதில்ல. போன வருசம் நீ கெடந்த கெடப்பு என் கண்ணுக்குள்ளேயே கெடக்கு. இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு கை தானா பருத்த செவ்வந்திப் பொட்டலத்துக்கு நகந்துரும்."

கடைக்குப் போனா மூடி போடணுமேன்னு நான் பயந்து சாகுறேன், இவ நான் ரெண்டு இட்லி கொறச்சுத் திங்கிறேன்னு முருகனையே ஏமாத்தியிருக்கா! கத்தினேன். பிறகு அழுகை வந்துவிட்டது. அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

10 ஏப்ரல்

பங்குனி உத்திரக் கூட்டம். தெருவெல்லாம் காவடி. கொட்டுச் சத்தத்துக்கு நடுவே திட்டவிலக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். புள்ளியியல் இப்போது பிடித்தே போய்விட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. மற்ற புத்தகங்களைத் தொட்டு நாளாகிறது.

15 ஜூன்

புள்ளியியலில் எழுபத்தொன்று. சிந்தனை வரலாற்றில் இருபத்தெட்டு, அவுட். மற்றவை கரையேறிவிட்டன.

அப்பா மார்க்கை வெகுநேரம் பார்த்தார். "புள்ளியியல்னுதான் சொன்னேன். சொன்ன சொல்லு சொல்லுதான். இனி இதையாவது வெரசா முடிச்சுத் தொல," என்று கடைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போய்க் கொஞ்ச நேரம் மூடி போட்டேன்.

16 ஜூன்

வெள்ளனே எழுந்தால் சாமி முன்னால் தாம்பாளம். அதில் ஒரே ஒரு பொட்டலம்.

"பாடம் ஒண்ணுதானம்மா இருக்கு. இதுல கேக்க என்ன இருக்கு?"

"அதுக்காக, கேக்காம எப்பிடி?" என்று அம்மா தாம்பாளத்தை நன்றாகக் குலுக்கி என் பக்கம் நீட்டினாள். "இந்தத் தடவ நீயே எடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.