எங்கள் தரிப்பிடத்தில் நின்று ஆள் எண்ணியவருக்கு

அக்கா,

நேற்றுக் காலை ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி பிளாஸ்கைத் திறந்தாள். மல்லி வறுத்து இடித்துப் போட்ட கோப்பி. அந்த வாசம் வந்ததும் என்னையறியாமல் நீங்கள் உட்காரும் ஜன்னலோர இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு மரக்கறி மூட்டை இருந்தது. மூட்டைக்குச் சொந்தக்காரர் அதில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத்தான் கோப்பியில் மல்லி போடத் தெரியும் என்று நீங்கள் அலட்டிக்கொள்வீர்களே, இந்தப் பெண் நாவலப்பிட்டிக்காரி. கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவளுடைய போனில் பாராளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. வரவு செலவுத் திட்ட விவாதம். நட்டத்தில் ஓடும் ரயிலுக்குத் திறைசேரி இன்னும் எத்தனை காலம் காசு கொட்டுவது என்று ஒருவர் கேட்டார். ரயில் ஏழையின் வாகனம், அதில் கைவைக்க விடமாட்டோம் என்று இன்னொருவர் மேசையில் தட்டினார். இரண்டு பேரும் கடைசியாக எப்போது ரயிலில் ஏறினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் முதலாமவரின் பக்கம் பேசியிருப்பீர்கள். நான் இரண்டாமவருக்காக வரிந்து கட்டியிருப்பேன். பேராதெனிச் சந்தி வரைக்கும் பொழுது போயிருக்கும்.

நாம் பழகியதே சண்டையில்தானே. நீங்கள் கம்பளையில் ஏறி வருவீர்கள். நான் கண்டிப் பக்கமாகச் சற்றுத் தள்ளி, தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் தரிப்பிடத்தில் ஏறுவேன். ஒரு தகரக் கூரை, உட்கார ஒரு வாங்கு, பூட்டிக் கிடக்கும் ஒரு டிக்கெட் ஜன்னல், அவ்வளவுதான் அந்தத் தரிப்பிடம். எனக்குக் கண்டியில் ஓர் ஆசுபத்திரியில் நோயாளர்களைப் பதியும் கருமபீடத்தில் வேலை. ஏழு மணிக்கு அதைத் திறக்க வேண்டும். உங்களுக்குத் திட்டமிடல் கந்தோரில் உத்தியோகம், எட்டரைக்குப் போனால் போதும். ஆனாலும் அடுத்த ரயிலில் இருக்க இடம் கிடைக்காது என்று இந்த முதல் ரயிலிலேயே வந்துவிடுவீர்கள். ரயிலுக்கு அரசாங்கம் காசு கொடுக்கக் கூடாது என்று வாதாடிய மனுஷி, அந்த ரயிலில் மூலை இருக்கையை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

முதல் நாள் உங்கள் கையில் பத்திரிகை. பயணிகள் ரயிலுக்கான மானியத்தைக் குறைக்க வேண்டும் என்று யாரோ அமைச்சர் சொன்ன செய்தி. அநியாயம் என்று நான் பொதுவாகத்தான் சொன்னேன். நீங்கள் கண்ணாடிக்கு மேலால் பார்த்தீர்கள்.

"இதில என்ன அநியாயம்? கோச்சியில ஏறாதவனும் வரி கட்டுறான்தானே. மன்னாரில மீன் பிடிக்கிறவன் ஏன் உமக்கு டிக்கெட் எடுக்க வேணும்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்குத் தெரியும். "அப்படின்னா ரோட்டுக்கு யாரு காசு போடுறது? காரே இல்லாத நான்தானே போடுறேன். அதை மட்டும் யாரும் நட்டம்னு சொல்ல மாட்டேங்கிறாங்களே" என்றேன்.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். பத்திரிகையை மடித்தீர்கள். "அது நல்ல கேள்வி. யோசிச்சு நாளைக்குச் சொல்லுறன்" என்றீர்கள். மறுநாள் உண்மையாகவே யோசித்து வந்து பதில் சொன்னீர்கள். அதுவரை என்னோடு விவாதித்த எவரும் அப்படிச் செய்ததில்லை. ஒன்று சத்தம் போடுவார்கள், இல்லை என்றால் 'சரி சரி' என்று கையை விசிறுவார்கள். என் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்த முதல் ஆள் நீங்கள்.

கம்பளையில் பாத்திரக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாம் நானா என்று கூப்பிடுபவர், நமக்கு நடுவரானது அதற்குப் பிறகு. சரக்கு எடுக்கக் கண்டிக்குப் போகும் நாட்களில் நம் பக்கத்தில் வந்து உட்காருவார். "ரெண்டு பேரும் உங்கட ஞாயத்த செல்லுங்க, தீர்ப்ப நான் பேராதெனியில தாறன்" என்பார். பேராதெனி வருவதற்குள் அவரும் ஒரு கட்சியில் சேர்ந்து கத்திக்கொண்டிருப்பார். எத்தனையோ வருடம் ஓடியது அந்தப் பட்டிமன்றம். ஒரு நாளாவது தீர்ப்பு வந்ததாக ஞாபகம் இல்லை.

அப்புறம் விளையாட்டு வினையானது. ஆட்கள் குறைவாக ஏறும் தரிப்பிடங்களில் ரயிலை நிறுத்துவது வீண் செலவு, எவற்றை மூடலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று மேலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பக்கத்துக்கான அட்டவணையைத் தயாரித்தது உங்கள் கந்தோர். கையெழுத்து வைத்த மூன்று பேரில் நீங்களும் ஒருவர். அதை நீங்களேதான் வந்து சொன்னீர்கள். ஒளித்து வைக்கவில்லை.

"உம்மட ஸ்டேசனும் பட்டியலில கிடக்கு. காலையில அங்க டிக்கெட் விற்பனையே இல்லை. ஆனா நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன், சனம் ஏறுதுதானே. எங்க, உம்மட சீசன் டிக்கெட்டைக் காட்டும் பாப்பம்."

நான் காட்டவில்லை. நீங்கள் கையை நீட்டியபடி இருந்தீர்கள். கடைசியில் எடுத்துக் கொடுத்தேன். அதில் 'கம்பளை முதல் கண்டி வரை' என்று இருந்தது.

"நீர் கம்பளையில ஏறுறேல்லையே."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உண்மையில் அது வெட்கம். எங்கள் தரிப்பிடத்துக்குத் தோட்டத்தின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். கண்டியில் அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "தோட்டமா?" என்பது. கூலிக்காரச் சனமா என்று, கேட்கும்போதே எதிரில் இருப்பவரின் முகம் மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்கச் சகிக்காமல், காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்று கம்பளை என்றே சீசன் எடுத்துவந்தேன். நான் மட்டுமல்ல. டிக்கெட் ஜன்னல் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால், சீசன் இல்லாதவர்கள் கண்டியில் இறங்கி வாசலில் காசு கட்டுவார்கள். எங்கிருந்து என்று கேட்டால் எல்லோர் வாயிலும் கம்பளைதான். துணிக்கடையில் நிற்கும் பெண்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகிறவர்கள், லயத்து வீடுகளிலிருந்து இறங்கி வரும் அத்தனை பேரும் இப்படித்தான். எங்கள் ஊரைக் காகிதத்திலிருந்து அழித்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

இவ்வளவையும் உங்களிடம் சொல்லி முடித்தேன். நீங்கள் சீசனைத் திருப்பித் தந்தீர்கள். "ஓ" என்றீர்கள். கண்டி வந்ததும் இறங்கி உங்கள் கந்தோருக்குப் போய்விட்டீர்கள்.

அந்தத் தரிப்பிடம் போனால் எனக்கு வேலை போனது மாதிரிதான். தோட்டத்துப் பாதையில் முதல் பஸ் ஆறரைக்கு. அதைப் பிடித்தால் எட்டு மணிக்கு முன் கருமபீடத்தில் இருக்க முடியாது. காலையில் அங்கே தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். ஹந்தானை லயங்களிலிருந்து விடிவதற்கு முன் இறங்கி வந்து வரிசையில் நிற்கிற சனத்துக்கு, எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்ல நான் வேண்டும். இதையெல்லாம் உங்களிடம் எத்தனையோ தடவை வாதத்துக்காகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் நான் தரிப்பிடத்துக்கு இறங்கி வந்தபோது நீங்கள் வாங்குக்குப் பக்கத்தில் குடையோடு நின்றீர்கள். கம்பளையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தீர்கள். கையில் ஒரு பேனையும் கொப்பியும். ஆள் எண்ணப் போகிறீர்களாம். உங்கள் சேலையையும் கொப்பியையும் கண்டதும் எங்கள் சனம், டிக்கெட் இல்லாதவர்களைப் பிடிக்க வந்த அம்மா என்று பயந்து தேயிலைக்குள் நழுவிவிட்டது. ரயில் வந்து நின்ற பிறகுதான் நாலாபக்கமும் இருந்து ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள். நீங்கள் எங்கே எண்ணுவது? பெட்டிக்குள் ஏறியதும் நானா விழுந்து விழுந்து சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் நான் முன்கூட்டியே வந்து, "ஓடாதீங்க, இவங்க நம்ம அக்காதான்" என்று ஒவ்வொருவராகச் சொல்லி நிறுத்தினேன். ஐந்து காலைகள் எண்ணினோம். ஐம்பத்தெட்டுக்கு மேல் ஒருநாளும் போகவில்லை. எனக்கு அது போதாது என்று பட்டது.

"நூறுன்னு போடுங்க அக்கா. யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

நீங்கள் கொப்பியை மூடினீர்கள். "கூட்டிப் போட்டா, அவையள் வந்து எண்ணுற அண்டைக்கு உம்மட உண்மையான ஐம்பத்தெட்டுப் பேரும் பொய்யாப் போயிடுவினம்" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "இன்னொண்டும் சொல்லுறன். நான் உமக்காக இதைச் செய்யேல்லை. மானியம் குறைக்க வேணும் எண்டதில எனக்கு இப்பவும் மாற்றம் இல்லை. ஆனா நான் கையெழுத்து வைச்ச கணக்கு பிழை. பிழையான கணக்கில என்ர கட்சி வெல்லக் கூடாது" என்றீர்கள்.

ஐம்பத்தெட்டு என்றே போட்டு, அட்டவணை பிழை என்று உங்கள் பெயரிலேயே குறிப்பு எழுதி அனுப்பினீர்கள். அம்பிட்டியவிலிருந்து காரில் வந்து போகும் உங்கள் மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. அனுப்பி முடிந்த அட்டவணையை, அதில் கையெழுத்து வைத்தவரே பிழை என்று எழுதுவதா என்று கேட்டாராம். உங்களிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. இவ்வளவையும் நீங்கள் பகிடியாகத்தான் சொன்னீர்கள். "எனக்கு இப்ப ஜன்னல் இல்லாத அறை தந்திருக்கினம். வெயில் படாமல் நிறம் கூடப் போகுது" என்றீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் தரிப்பிடத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. உங்கள் குறிப்பால்தானா, தேர்தல் கிட்ட வந்ததாலா, எனக்குத் தெரியாது. உங்களைக் கேட்டால் தேர்தல் என்றுதான் சொல்வீர்கள். ரயில் நின்றது, நான் ஏறினேன், கருமபீடத்தை ஏழு மணிக்குத் திறந்தேன். இன்றைக்கும் திறக்கிறேன். அடுத்த மாதமே என் சீசன் டிக்கெட்டில் எங்கள் ஊரின் பெயரைப் போட்டு எடுத்தேன். கூட வேலை செய்யும் ஒருத்தி "தோட்டமா?" என்று கேட்டாள். "ஆமா, தோட்டம்தான். வாங்களேன் ஒருநாள்" என்றேன். வந்தாள், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். இத்தனை வருடம் எதற்குப் பயந்தேன் என்று அன்றைக்கு எனக்கே புரியவில்லை.

நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் போனில் நம் சண்டை தொடர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடுவதைப் பற்றிக் கேட்டு மடக்கப் பார்த்தேன். "நான் ஏறுறன்தான், ஆனா டிக்கெட் விலை காணாது, இன்னும் கூட்ட வேணும்" என்றீர்கள். உங்கள் உடம்பு வருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் மகள் அழைத்தபோது எல்லாம் முடிந்து எட்டாம் நாள். நான் ரயிலில்தான் வந்தேன், அக்கா. உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். உங்கள் மகளிடம் டிக்கெட் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இப்போது திரும்பவும் அதே பேச்சு தொடங்கிவிட்டது. எந்தத் தரிப்பிடத்தை மூடலாம் என்று கணக்குக் கேட்கிறார்களாம். போன ஞாயிறு கம்பளையில் பயணிகள் கூடி மனு எழுதினோம். நானா இப்போது கடைக்குப் போவதில்லை, ஆனாலும் மகனுடைய மோட்டார் சைக்கிளில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மனுவை எழுதியவர் ஓர் ஆசிரியர், நல்ல மனிதர். எங்கள் தரிப்பிடத்தில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ஏறுவதாக வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கு முந்திய வாரம் நான் கொப்பியோடு நின்று எண்ணியிருந்தேன். முப்பத்தொரு பேர். பலர் ஆட்டோ வாங்கிவிட்டார்கள், சிலர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். நான் எழுந்து அந்த எண்ணைச் சொன்னேன்.

"நீங்க யாரு பக்கம் பேசுறீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"கோச்சி பக்கம்தாங்க. ஆனா முப்பத்தொன்னுன்னுதான் எழுதணும்."

ஆசிரியர் தயங்கினார். முப்பத்தொன்று என்று எழுதினால் தரிப்பிடத்தை நாமே மூடிக் கொடுத்தது போலாகாதா என்று கேட்டார். ஆகலாம் என்றேன். அந்த முப்பத்தொரு பேரும் எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும், ரயில் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுவோம், நான் சொல்கிறேன் என்றேன். நானாதான் முதலில் தலையாட்டினார். "எழுதுங்க சேர், புள்ள செல்றது சரிதான்" என்றார். ஒரு மணித்தியாலம் பிடித்தது. கடைசியில், எண்ணியவர் என்ற இடத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லி என்னிடம் பேனையை நீட்டினார்கள்.

அக்கா, அப்போது எனக்குப் பயம் வந்தது. அந்த ஓர் எண்ணால் என் வேலை போகலாம், முப்பது பேருடைய வேலையும் போகலாம், ஊர் என்னைத் திட்டலாம். எனக்குப் பக்கத்தில் நானாவாவது இருந்தார். உங்களுக்கு அந்தக் கந்தோரில் யார் இருந்தார்கள்? உங்கள் பெயருக்கு நேரே, பிழை என்னுடையது என்று எழுதிய அன்று உங்களுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். ஜன்னல் இல்லாத அறையில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்து அத்தனை வருடம் ஆயிரம் கேள்வி கேட்டவள், இந்த ஒன்றைக் கேட்கவில்லை. எனக்காகச் செய்யவில்லை என்று நீங்கள் சொன்னதைச் சாட்டாக வைத்துக்கொண்டு ஒரு நன்றியும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அப்படியே அனுப்பிவிட்டோம்.