டைலர் கடை வாசலில் உள்ள பொதுக் குழாய் குறித்து

அனுப்புநர்:
விசாலாக்ஷி சந்திரமௌலி, பி.ஏ.,
14, பிள்ளையார் கோவில் தெரு,
செங்குளம்பட்டி, திருநெல்வேலி ஜில்லா.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
டவுன் பஞ்சாயத்து அலுவலகம், செங்குளம்பட்டி.

பொருள்: பிள்ளையார் கோவில் தெருவுக்குத் தனிக் குழாய் கோருதல் – ஓவர்சியரின் குறிப்பை ஆட்சேபித்தல் – இரண்டாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பம்பாய் மாட்டுங்காவில் வசித்துவந்த நாங்கள், என் கணவரின் கம்பெனியில் ஆட்குறைப்பு நேர்ந்ததால் சென்ற ஆனி மாதம் இவ்வூருக்குக் குடிவந்தோம். பஞ்சாலை மூடியபின் பாதிக் கடைகள் பூட்டிக்கிடக்கும் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதுபற்றி இம்மனுவில் புகார் இல்லை.

2. எங்கள் தெருவில் குழாய் இல்லை. சந்தைத் தெருவில் ‘பம்பாய் லேடீஸ் டைலர்’ என்று போர்டு மாட்டிய கடையின் வாசலில் உள்ள குழாய்தான் எங்களுக்கும். மாலையில் சற்று நேரமே தண்ணீர் வரும். அக்கடையை நடத்தும் திருமதி முப்பிடாதியம்மாளும் பம்பாயிலிருந்து வந்தவரே; அங்கே கூலித் தொழிலாளர் குடிசைகள் நிறைந்த லேபர் கேம்பில் இருந்தவர். எங்களுக்குப் பின்னால் வந்தவர் என்பதையும் பதிவு செய்கிறேன். ஆயினும் ஊரார் ‘பம்பாயக்கா’ என்று அழைப்பது அவரை மட்டுமே. நான் ‘டைப் வீட்டு மாமி’.

3. குழாயடியில் அவர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஆள் நிற்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே கிடந்த பழைய டால்டா டப்பாக்களை ஒரு மாலை குப்பையென்று சுவரோரம் ஒதுக்கிவிட்டு, குடத்துடன் முதல் ஆளாக நின்றேன். யாருக்குப் பின் யார் என்ற கூச்சல் தீருமுன் தண்ணீர் நின்றுவிட்டது. ஆளில்லாத டப்பாவுக்கு உரிமை உண்டென்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை. அப்போது அந்த அம்மாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னது: “மாமி, ஒங்க மாட்டுங்காவுல தண்ணி வீட்டுக்குள்ளயே வந்துது, ஒங்களுக்கு லைன் தெரியாது. நாங்க டப்பா வச்சுப் பொழைச்சவுக. வச்சுட்டுப் போங்க, ஒங்க எடத்த யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாவ.” அனைவரும் சிரித்தனர். கூட வந்திருந்த என் மகளும் சிரித்தாள்.

4. அன்றுமுதல் தண்ணீருக்கு மகள் நாகலக்ஷ்மியே போகிறாள். காலேஜைப் பாதியில் விட்டு வந்த பெண். வீட்டில் ‘ம்’ என்பதற்குமேல் பேசுவதில்லை. அங்கேயோ டப்பாவை வைத்துவிட்டுத் தையல் மெஷினருகே உட்கார்ந்து, அந்த அம்மாளை ‘மௌசி’ என்று, அதாவது அம்மாவின் தங்கை என்று, அழைத்து, விளக்கேற்றும் வரை இந்தியில் பேசிக்கொண்டிருக்கிறாள். குடம் நிறைந்தபின்னும் வருவதில்லை. சிரிப்பு தெருமுனை வரை கேட்கிறது. எனக்கு உடன்பிறந்த தங்கை எவரும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. என் முதல் மனுவின்மீது விசாரிக்க வந்த ஓவர்சியர், நான் காபி கொண்டுவர உள்ளே சென்ற சமயம் மகளைக் கேட்டிருக்கிறார். “குழாயெல்லாம் வேண்டாம் சார், மௌசி கடையிலேருந்து நானே எடுத்துண்டு வந்துடறேன்” என்று அவள் சொல்ல, ‘குடும்பத்தாருக்குத் தேவையில்லை’ என எழுதிக்கொண்டு போய்விட்டார். அவள் மைனர். அக்குறிப்பை ரத்துசெய்யக் கோருகிறேன்.

6. ஆகவே எங்கள் தெருவுக்கு ஒரு குழாய் போட்டுத்தர வேண்டுகிறேன். நிதி இல்லையெனில், மாலைத் தண்ணீரைக் காலையில், டைலர் கடை திறக்குமுன், விட உத்தரவிடலாம். குழாய் எங்கள் தெருவுக்கு வருமானால், டப்பா வைக்கும் வழக்கத்துக்கு நான் ஆட்சேபணை சொல்ல மாட்டேன். மகளுடன் நானும் காத்திருப்பேன். இந்தி எனக்கும் நன்றாகத் தெரியும். இது மனுவுக்குப் புறம்பானதெனில் விட்டுவிட்டுப் படிக்கவும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
விசாலாக்ஷி சந்திரமௌலி

செங்குளம்பட்டி,
9–2–1964

குறிப்பு: பதிலைக் கதவிலக்கமிட்டு அனுப்பக் கோருகிறேன். ‘பம்பாய் வீடு’ என்று மட்டும் எழுதினால், தபால்காரர் அதை டைலர் கடையில் கொடுத்துவிடுகிறார்.