பாசல் போகிற றெயில்

12.03.1992

இஞ்சருங்கோ,

புட்டு அவிச்சு மூடி வைச்சிருக்கிறன். மீன்குழம்பைச் சூடாக்குங்கோ. உடுப்புத் தோய்க்கிற லோன்றித் திறப்பு ஆணியிலை தொங்குது.

சாப்பிட்டாப் பிறகு உங்கட றெயில் நேரப் புத்தகத்தைத் திறவுங்கோ. உள்ளுக்கு சுவிஸ் எம்பசிக் கடிதம் இருக்கு. சுவிசுக்கும் எங்களுக்கு விசா இல்லையாம். ஜேர்மனி முதலே இல்லையெண்டது. பிரான்ஸ் மட்டும்தான் தந்தது. பிரான்சிலை என்ரை தம்பியின்ரை ஸ்ராஸ்பூர்க் வீட்டிலையிருந்து நீங்கள் றெயில் படத்திலை பென்சிலாலை கீறின கோடு ஒண்டும் எல்லை தாண்டாது. சுவிஸ் பாசலிலையிருந்து மாமி பிரான்சுக்கு வரவும் அவவின்ரை அகதிக் காட் விடாது.

இந்த நாட்டுச் சிற்றிசன்சிப் எடுத்துப்போட்டுப் போவம் எண்டு ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதுக்கு, "அதுவரைக்கும் அம்மா இருப்பாவோ?" எண்டு கத்தினீங்கள். கோவமில்லை.

வேலைக்குப் பிந்துது. பஸ்சுக்கு ஓடுறன்.

சுகந்தி

இன்னொண்டு. காலமை மாமி போன் எடுத்தவ. இரவு பத்து மணிக்குத் திரும்ப எடுப்பா, விசா இல்லையெண்டதை நீங்கள்தான் சொல்லவேணும். நேற்று மருந்தெடுத்துப்போட்டு வரேக்கை ஸ்ரேசனுக்குப் போய், ஸ்ராஸ்பூர்க் றெயில் எந்த மேடைக்கு வரும் எண்டு கேட்டுப் பாத்தவவாம். நாங்கள் வந்திறங்கிறதை அந்த மேடையிலை குந்தியிருந்து பாக்க ஒரு மர வாங்கும் இருக்காம். நான் "ஓம் மாமி" எண்டு மட்டும் சொன்னன்.