பிரஷர் மெஷினில் இருந்த பதினொரு பதிவுகள்

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். உப்பு டப்பாவைத் தேடாதீர்கள், கிடைக்காது.

நேற்று பிரஷர் பார்க்கலாம் என்று கூப்பிட்டதற்கு, "உன் நர்ஸ் வேலைய ஆஸ்பத்திரியோட வச்சுக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல" என்று கத்தினீர்கள். நானும் கத்தினேன். நோயாளிகளிடம் நான் கத்துவதில்லை. "என்ன பயம், சொல்லுங்க" என்றுதான் முதலில் கேட்பேன். கட்டின புருஷனிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

காலையில் பிரஷர் மெஷினைத் திறந்து பார்த்தேன். அளந்ததெல்லாம் நேரத்தோடு அதில் பதிவாகும், உங்களுக்குத் தெரியாது போல. இந்த வாரம் நான் டியூட்டிக்குக் கிளம்பிய பிறகு பதினொரு தடவை அளந்திருக்கிறீர்கள். ஒன்றுகூடச் சரியில்லை.

டாக்டரிடம் காட்ட மெஷினை எடுத்துப் போகிறேன். பதினொரு மணிக்கு நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: தனியாகப் பயந்துகொண்டே அளந்தால் இன்னும் ஏறத்தான் செய்யும். இனிமேல் நான் பக்கத்தில் உட்காருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.