நாலு நாள், ஒரே ஆப்பிள்

மாண்புமிகு லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

போன முறை வெளியூர் வேலைக்குப் போனபோது, "ராத்திரிக்கு இதுதாம்மா சாப்பாடு" என்று தினமும் ஓர் ஆப்பிளைப் படமெடுத்து அனுப்பினீர்கள். நாலு நாளும் அதே ஆப்பிள், அதே இடத்தில் அதே கறுப்புத் தழும்பு. திரும்பி வந்த பையில் நாலு காலி சிப்ஸ் பாக்கெட்டோடு அந்த ஆப்பிளும் முழுசாக வந்து சேர்ந்தது.

வாட்ச் கணக்கில் தினம் பத்தாயிரம் அடி நடந்த கதை இன்னும் அருமை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவர் ஒரு மாடிக்குக்கூடப் படி ஏறமாட்டார். "அப்பா வாட்சை ஃபேன்ல கட்டிட்டாராம்மா?" என்று உங்கள் மகளே கேட்கிறாள். இதைச் சொன்னதற்குத்தான் நேற்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள். டாக்டர் சொன்ன சர்க்கரை அளவு உங்களுக்கு மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை.

டப்பாவில் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் இருக்கின்றன. இன்று வெளியூருக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். நான் வேலைக்குப் போகிறேன். உங்களோடு இன்னும் பேசவில்லை; சீட்டு எழுதுவது பேச்சில் சேராது.

பி.கு.: பையில் நாலு ஆப்பிள். ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி ஒட்டியிருக்கிறேன். கடித்த பிறகு படம் அனுப்பவும்.

இன்னொன்று: வெள்ளிக்கிழமை ஆப்பிள் இங்கேயே ஃப்ரிட்ஜில இருக்கு. அன்னைக்கு வந்து என் எதிரில உக்காந்து சாப்பிடுங்க. படம் வேண்டாம்.