மூன்று விளக்கிலும் பச்சை

நேற்று ஜப்பானிலிருந்து ஒரு கூரியர் வந்தது. துணி மாதிரிகளுக்கு நடுவில் ஒரு சின்னத் தகர டப்பா. மூடியைத் திறந்ததும் வெட்டிப் போட்ட சோளத்தட்டின் வாசம் வந்தது. டப்பாவை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய் டியூப்லைட்டின் கீழ் கண்ணாடியைப் பார்த்தேன். என் உதடு பச்சையாக இருந்தது.

புதிதில்லை. நீங்கள் போன பிறகு இந்த மூன்று வருடமாக அப்படித்தான். ஜன்னலோரம் வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. நம் சாய லேபின் லைட் பாக்ஸில் துணியின் நிறத்தை மூன்று விளக்கில் பார்ப்போமே, பகல் விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துண்டுகள் கடை விளக்கில் வேறுவேறாகக் காட்டுமே, அந்தக் கோளாறு என் உதட்டுக்கும் வந்துவிட்டது. பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை நான், உங்களுக்கே தெரியும். ஆனால் துடைத்துத் துடைத்து உதட்டுத் தோல் உரிந்துவிட்டது.

முதல் டப்பா வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜப்பான்காரப் பெண் துணி பார்க்க வந்தபோது, டப்பாவையும் மூங்கிலில் சீவிய ஒரு சின்ன மத்தையும் என் மேசையில் வைத்துவிட்டு, என்னவோ சொல்லிக் குனிந்து வணங்கிப் போனாள். ஆர்டர் பேசுவது என் வேலை. பச்சைப் பொடியைக் கொடுத்தால் அது புது ஷேடு என்று நினைப்பதுதான் என் புத்தி. சாய லேபில் இருந்த உங்களிடம் அனுப்பிவிட்டேன். நீங்களும் யோசிக்கவில்லை. ஒன்றரை நாள் மண்டையை உடைத்து, அச்சு அசலாக அதே பச்சையில் ஒரு துண்டுத் துணியைச் சாயமேற்றி, அட்டையில் ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தீர்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது தேநீர், குடிக்கிறது என்று கையால் காட்டினாள்.

அப்புறம் அவளே போட்டுக் காட்டினாள். பொடியைச் சலிக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது. மத்தைச் சுழற்றாமல் முன்னும் பின்னுமாக அடிக்க வேண்டும், நுரை பொடிப்பொடியாக எழும்புகிற வரை. எனக்கு மாட்டுக்கு வைத்ததை எடுத்து வாயில் போட்ட மாதிரி இருந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "எங்கூர்ல சோளத்தட்டு வெட்டறப்ப வர்ற வாசம்ங்க" என்றீர்கள். குண்டடத்துக்காரியான உங்களுக்கு ஜப்பான் ஒரே வாயில் சொந்தமாகிவிட்டது.

அன்றிலிருந்து மத்தியானம் மூன்றரை மணி நம்முடையது. லேப் நோட்டில் சாய ரெசிப்பி எழுதுகிற மாதிரியே எழுதி வைத்தீர்கள்: பொடி இரண்டு கிராம், தண்ணீர் எழுபது மில்லி, எண்பது டிகிரி. மத்தின் பல் வளையாமல் இருக்க, கழுவி ஒரு காலி நூல் கோனின் மேல் கவிழ்த்து வைப்பீர்கள். ஒரு நாள் விளையாட்டாக, சாயக்கழிவு இறங்கின போர்வெல் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். நுரை எழும்பவே இல்லை. மேலே செம்பட்டையாக ஒரு ஏடு படிந்தது. நீங்கள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதையத்தானுங்க ஊர் முச்சூடும் குடிக்குது" என்றீர்கள். அதன் பிறகு கேன் தண்ணீர்தான். ஒரே வயது நமக்கு, ஆனாலும் கடைசி வரை "வாங்க போங்க"தான். தூத்துக்குடிக்காரியான எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

வயிற்றில் கட்டி என்று நீங்கள் லேப் நோட்டையும் எடுத்துக்கொண்டு விடுப்பில் போனபோது டப்பாவை என்னிடம் கொடுத்து, "வெளிச்சம் படாம வையுங்க" என்று ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னீர்கள். நான் என்ன செய்தேன்? பார்க்க அழகாக இருக்கிறதே என்று கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, லைட் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வருகிறவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை நீங்களே போன் பண்ணினீர்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வாய் செத்துப்போச்சுங்க. அந்தக் கசப்பு ஒரு வாய் வேணும்." பாட்டிலை எடுத்தேன். பொடி காக்கியாகிக் கிடந்தது. வாசமும் இல்லை.

இருப்பதைச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. ஷேடு இறங்கினால் ஏற்று; அதுதானே நம் பிழைப்பு. கடைவீதியில் பலகாரத்துக்குப் போடுகிற பச்சைக் கலர் வாங்கினேன். நீங்கள் சாயமேற்றிய அந்த அட்டையைப் பக்கத்தில் வைத்து, லைட் பாக்ஸில் மூன்று விளக்கிலும் பார்த்துப் பார்த்து, சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தேன். என் வேலையில் நான் அவ்வளவு நேர்த்தியாகச் செய்தது வேறு எதுவும் இல்லை.

ஞாயிறு மத்தியானம். உங்கள் ஊர்க் காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து நுரை எழுப்பிக் கொடுத்தேன். கிண்ணத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தீர்கள். பிறகு பகலிலேயே குண்டு பல்பைப் போடச் சொல்லி, அதிலும் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் எந்த விளக்கில் வைத்துப் பார்ப்பது? "ஓகேங்க" என்று சொல்லி, முழுவதும் குடித்தீர்கள். வாய் துடைக்க ஒரு வெள்ளைத் துணி கேட்டீர்கள். வாசலில் உங்கள் மாமியார் கீழாநெல்லிச் சாற்றோடு நின்றிருந்தார். கணவர் இறந்த பிறகும் நீங்களும் மகளும் விட்டுப் போகாத மாமியார்.

மறுநாள் விடிகாலையில் போய்விட்டீர்கள்.

குளிப்பாட்டிய பெண்கள் முதலில் கண்டார்கள். வெடித்துக் காய்ந்த உதட்டில் பச்சை. தேய்த்தும் போகவில்லை. நாக்கும் பச்சை என்றாள் ஒருத்தி. அழுகை அப்படியே நின்றுபோனது. எல்லாத் தலையும் மெதுவாக உங்கள் மாமியார் பக்கம் திரும்பியது. "என்ன பச்சிலையக் குடுத்தாளோ" என்று யாரோ சொன்னார்கள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். என் நகக்கண்ணில் அதே பச்சை இருந்தது. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டேன்.

அல்வாவிலும் பர்பியிலும் போடுகிற கலர், அது யாரையும் கொல்லாது. கொன்றது என் மௌனம். உங்கள் அண்ணன்மார் பதினாறாம் நாளே உங்கள் மகளைத் தங்கள் ஊர் வெள்ளகோவிலுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மருந்து வைத்தவள் வீட்டில் பிள்ளையை விடுவதா என்றார்களாம். எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஷிப்மெண்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். கோனில் கவிழ்த்த உங்கள் மத்து இன்னும் லேபில் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. சில மத்தியானங்களில், மூன்றரைக்கு மேல், அதன் பல் ஈரமாக இருக்கும். நான் யாரிடமும் கேட்டதில்லை.

நேற்று அந்த வாசம் வந்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. இன்று காலை குண்டடத்துக்குப் போனேன். உங்கள் மாமியார் பாதியாக இளைத்திருந்தார். காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே போய் பீரோவைத் திறந்து உங்கள் லேப் நோட்டைக் கொண்டுவந்தார்.

"நீ வந்துட்டுப் போன அன்னிக்கு என்னமோ எழுதி ஒட்டி வெச்சா கண்ணு. நீ வந்தாத் தரச் சொன்னா. எனக்கு எழுத்துத் தெரியாது. நீயும் வல்லே."

கடைசிப் பக்கத்தில் வாய் துடைத்த துணியின் ஒரு துண்டு. ஓரங்களைக் கத்தரித்து, மாதிரி ஒட்டுகிற மாதிரியே ஒட்டியிருந்தீர்கள். கீழே உங்கள் நடுங்கிய கையெழுத்து: பொடி பழசு. கலர் சேர்த்திருக்கிறது. கசப்பு இல்லை. ஷேடு ஓகே. போட்டவங்களை ஒண்ணும் கேட்க வேண்டாம்.

வாய்விட்டுப் படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் அந்தத் துணித் துண்டை விரலால் தடவினார்.

"இதைய வெள்ளகோயில்ல போய்ப் படிப்பியா சாமி?"

படிப்பேன் என்றேன். நாளைக் காலை இரண்டு பேரும் பஸ்ஸில் போகிறோம். உங்கள் மகளுக்கு இப்போது எழுத்துத் தெரியும். நான் படிப்பதை விட அவளே படிக்கட்டும். நோட்டு என் பையில் இருக்கிறது. இதை எழுதி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். இப்போது ஜன்னல் வெளிச்சத்திலும் பச்சை தெரிகிறது. துடைக்கவில்லை. உங்கள் அண்ணன்மார் பார்க்கட்டும்.