மாரான் பஸ்ஸில் என் டிக்கெட்

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இத்தனை காலம் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன், கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். நம் மூத்தவன் சரவணன். அவன் மனைவி மலர்விழி, உங்கள் தலைத்திவசத்து வடைக்கு உப்புப் போட மறந்தவள். அவர்கள் மகள் யாழினி. ஜொகூரிலிருந்து நம் கல்யாணி. அவள் புருஷன் கணேசன் மாப்பிள்ளை, கல்யாணப் பந்தியில் பாயசம் வர நேரமாகிறது என்று பாதியில் எழுந்து போனவர். நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. உங்கள் அக்கா பொன்னம்மா. வழியனுப்ப தெங்கேராவிலிருந்து உங்கள் சிநேகிதர் காதர் பாய், வழக்கம்போல ஒரு டின் முறுக்கோடு. பஸ் வாசலில் டிரைவர் பாக் மாட்.

எந்த நாள் என்று தெரிந்திருக்குமே? பங்குனி உத்திரத்துக்கு நாம் மாரான் முருகனைப் பார்க்கப் புறப்படும் நாள்.

போன வருஷம் தீட்டு என்று யாரும் போகவில்லை. இந்த வருஷம் திவசம் முடிந்ததும் நானே பேச்சை எடுத்தேன். சரவணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"ஆளுக்கொரு காரு இருக்கும்மா. போன்ல வழி போட்டா நேரா கோயிலாண்ட விட்டுரும். எதுக்குலா பஸ்ஸு?"

"காருல யாருடா பாட்றது?" என்றேன்.

அவன் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டான். எனக்குப் பயம் அப்போதுதான் பிடித்தது. ஒரு தடவை கார் கார் என்று பிரிந்து போய்விட்டால் அப்புறம் இவர்கள் ஒரு வண்டியில் ஏறவே மாட்டார்கள். நீங்கள் பாடிப் பாடிச் சேர்த்து வைத்த குடும்பம். என் காலத்திலேயே பிரிய விடுவேனா?

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸைத்தானே வாழ்க்கை முழுக்க ஓட்டினீர்கள். ராத்திரி ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் விடுவீர்கள். கல்யாணி பரீட்சையில் தேறிய அன்று அத்தனை பேரையும் ஏற்றி உம்பாய்க் கடற்கரைக்குச் சுட்ட மீன் தின்னக் கூட்டிப் போனீர்கள். லீவு கிடைத்தால் பினாங்கு, கேமரன் மலை. ஒரு தடவை திரங்கானு. எதற்கு என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கத்துக் கடல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வருவோமே" என்றீர்கள். கடலைப் பார்த்தோம், திரும்பினோம். இங்கே இருப்பது போலத்தான் இருந்தது.

மாரானுக்குப் போகும்போது மட்டும் உங்கள் சட்டம் வேறு. விரதம் இருந்து, ஸ்டியரிங்குக்கு விபூதி பூசி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கஞ்சிராவோடு பஸ் வாசலை மறித்து நிற்பீர்கள். பாட்டுத்தான் டிக்கெட். ஒரு அடியாவது பாடாதவர் ஏற முடியாது. சாமிப் பாட்டோ தாலாட்டோ, எதுவானாலும் சரி. "முருகன் தாளம் பாக்கமாட்டான், நான்தான் பாப்பேன்" என்பீர்கள்.

எனக்கு மட்டும் சலுகை. நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று தெரிந்து என் டிக்கெட்டை நீங்களே பாடுவீர்கள். நீங்களே கட்டிய பாட்டு:

வழியெல்லாம் கூட வா முருகா, எங்க
வண்டியில எடம் இருக்கு.

அதைக் கேட்டபடி மகாராணி மாதிரி ஏறிப் போய் உங்களுக்குப் பின்னால் உட்காருவேன்.

இந்தத் தடவை அந்த வாசலில் பாக் மாட் நின்றார். உங்களுக்குப் பிறகு அந்த பஸ்ஸை அவர்தான் ஓட்டுகிறார். எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று அவரே வாங்கி வந்திருந்தார். சரவணன் பையைத் தூக்கிக்கொண்டு ஏறப் போனான். கையை நீட்டித் தடுத்தார்.

"டிக்கெட் மானா?" டிக்கெட் எங்கே என்கிறார்.

"அப்பாதான் இல்லையே பாக். சும்மா போவோம்லா."

"தாடா லாகு, தாடா ஜாலான்." பாட்டு இல்லையென்றால் பயணமும் இல்லையாம். மலாய்க்காரர், நம் சாமியைக் கும்பிடாதவர், உங்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நம் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சரவணனின் கார் சாவி சட்டைப் பையில் கிலுகிலுவென்றது. போச்சு, இப்போது கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்போது மலர்விழி பாடினாள். யாழினியைத் தூங்கவைத்த தாலாட்டு. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது உங்களுக்காவது தெரியுமா? யாழினி சேர்ந்துகொண்டாள். கல்யாணி பாடிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே ஏறினாள். சரவணன் கடைசியில் பள்ளிக்கூடப் பாட்டு ஒன்றைப் பாதிவரைக்கும் பாடினான். மாப்பிள்ளை விசிலடித்தார், பாக் மாட் பெரிய மனதுபண்ணி விட்டார். பொன்னம்மா அண்ணி கணீரென்று பாடினார், உங்கள் தொண்டையேதான்.

கீழே நான் மட்டும்.

மாப்பிள்ளை படியில் நின்றபடி போனை எடுத்தார். திடீரென்று உங்கள் குரல்! "இது என் வீட்டுக்காரிக்கு டிக்கெட்டு!" என்றீர்கள். கஞ்சிராவைத் தட்டினீர்கள். வழியெல்லாம் கூட வா முருகா. நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காதர் பாய் முறுக்கு டின்னோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அத்தே, மாமா பாடிட்டாருல்ல, ஏறுங்க," என்றார் மாப்பிள்ளை. நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஏறியிருக்கலாம். காலும் எழுந்தது. ஆனால் இன்றைக்கு எனக்குப் போன் பாடினால், அடுத்த வருஷம் எல்லாருக்கும் போனே பாடும். அப்புறம் பஸ் எதற்கு?

"மாப்பிள்ளை, அது போன பயணத்து டிக்கெட்டு. இன்னைக்குச் செல்லாது," என்றேன்.

"பெத்துல், மக்சிக்!" என்று பாக் மாட் தலையை ஆட்டினார். சரியாகச் சொன்னேனாம். ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை, அந்த மனுஷன்!

பாடினேங்க. அதே பாட்டை. முதல் அடியிலேயே குரல் எங்கோ ஏறி, இறங்க வழி தெரியாமல் நின்றது. 'முருகா' என்கிற இடத்தில் இருமல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது அடியையும் பாடி முடித்தேன். பாக் மாட் கையை எடுத்தார்.

உள்ளேயிருந்து உங்கள் அக்கா சொன்னார்: "இப்பத்தான் தெரியுது, தம்பி எதுக்கு வருஷா வருஷம் உனக்காகப் பாடுனான்னு! பஸ்ஸுல இருக்கிற சனங்களக் காப்பாத்தியிருக்கான்லா!"

பஸ்ஸே குலுங்கியது. பாக் மாட்டுக்கு என்ன புரிந்ததோ, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்போடு புறப்பட்டு மாரான் வரைக்கும் பாட்டு நிற்கவில்லை. ஆற்றில் குளித்தோம், பால்குடம் எடுத்தோம். வெயிலில் மாப்பிள்ளை என் தலைக்கு மேலே துண்டைப் பிடித்தபடியே கூட நடந்தார். சரவணன் திரும்பும் வழியிலேயே அடுத்த வருஷத்துக்குப் பஸ்ஸைச் சொல்லிவிட்டான்.

ஆக, மலர்விழியின் வடையை மன்னித்துவிட்டேன். மாப்பிள்ளையின் பாயசத்தையும்தான். அடுத்த பங்குனிக்கு முதல் டிக்கெட் என்னுடையதுதான், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. குரல் வராவிட்டாலும் பாடித்தான் ஏறுவேன்.

ஆனால் ஒருவரை மட்டும் மன்னிக்கமாட்டேன். அன்று பஸ்ஸில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். நீங்கள் போன பிறகு இனி சிரிக்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தவளை, நீங்கள் இல்லாத ஊரில் முதல்முதலாகச் சிரிக்க வைத்துவிட்டார், உங்கள் அக்கா பொன்னம்மா.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா